இரண்டு ஆம்ப்ளிஃபையர், ஒரே குரல்: பை-ஆம்பிங்கில் அளவைச் சமன்செய்வது எப்படி?

சில ஸ்பீக்கர்களைத் திருப்பிப் பார்த்தால், பின்புறத்தில் வழக்கமான இரண்டு முனைகளுக்குப் பதிலாக நான்கு இருக்கும். மேலே ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு; கீழேயும் அதே போல ஒரு ஜோடி. மேல் சிவப்பையும் கீழ்ச் சிவப்பையும் ஒரு சிறிய உலோகத் தகடு இணைத்திருக்கும். கறுப்பு முனைகளுக்கும் அப்படியே ஒரு தகடு. அந்தத் தகடுகளைக் கழற்றிவிட்டு, மேல் ஜோடிக்கு ஓர் ஆம்ப்ளிஃபையரும் கீழ் ஜோடிக்கு இன்னோர் ஆம்ப்ளிஃபையரும் கொடுப்பதுதான் பை-ஆம்பிங். மேல் ஜோடி ட்ரெபிள் ஒலிகளைத் தரும் ட்வீட்டருக்குப் போகிறது. கீழ் ஜோடி பேஸ் ஒலிகளைத் தரும் ஊஃபருக்குப் போகிறது.

இதில் இறங்குபவர்கள் எத்தனை வாட், எந்த வயர், எந்த வகை ஆம்ப்ளிஃபையர் என்றெல்லாம் மணிக்கணக்கில் யோசிப்பார்கள். அதற்கெல்லாம் முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இரண்டு ஆம்ப்ளிஃபையர்களும் தமக்கு வரும் சிக்னலை ஒரே மடங்கு பெருக்குகின்றனவா? இதைச் சரிபார்க்காமல் வயரை மாட்டிவிட்டால், ஸ்பீக்கரை வடிவமைத்தவர் பொறுமையாக அமைத்துக் கொடுத்த சமநிலையை நம் கையாலேயே கலைத்துவிடுகிறோம்.

அளவு பிசகினால் என்ன கேட்கும்?

சாதாரண ஸ்டீரியோவில் இடது, வலது ஸ்பீக்கர்களின் அளவு ஒத்துப்போகாவிட்டால் உடனே தெரிந்துவிடும். நடுவில் நின்று பாட வேண்டிய பாடகர் ஒரு பக்கமாக நகர்ந்திருப்பார். பேலன்ஸ் குமிழைச் சற்றுத் திருப்பினால் அவர் மீண்டும் நடுவுக்கு வந்துவிடுவார். பை-ஆம்பிங்கில் வரும் பிசகு அவ்வளவு வெளிப்படையாக இருக்காது. பாடகர் நடுவிலேயேதான் நிற்பார். அவருடைய குரல் மட்டும் மாறியிருக்கும்.

'இசை' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள உயிரொலிகளின் கனம் பெரும்பாலும் ஊஃபரிலிருந்து வருகிறது. நடுவிலுள்ள 'ச'வின் சீறல் ஒலி ட்வீட்டரிலிருந்து வருகிறது. ஓர் ஊஃபர், ஒரு ட்வீட்டர் உள்ள ஸ்பீக்கரில் இந்தப் பங்கீடு வழக்கமாக 2000 ஹெர்ட்ஸிலிருந்து 3000 ஹெர்ட்ஸுக்குள் ஓரிடத்தில் நடக்கிறது. ஸ்பீக்கருக்குள் இருக்கும் கிராஸ்ஓவர் என்ற சிறிய மின்சுற்றுதான் அதைப் பிரித்துக் கொடுக்கிறது. ஆக, ஒரே வாயிலிருந்து வந்த ஒரே சொல்லை இரண்டு ஆம்ப்ளிஃபையர்கள் பங்கிட்டுப் பேசுகின்றன. ட்வீட்டர் பக்கம் 2 டெசிபெல் கூடினால் 'ச' துருத்திக்கொண்டு நிற்கும். குறைந்தால், பாடகர் வாயைத் துணியால் மூடிக்கொண்டு பாடுவது போல இருக்கும்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ட்ரெபிள் சற்றுக் கூடினால், முதல் சில நாட்களுக்கு அது குறையாகவே தோன்றாது. தெளிவு கூடிவிட்டது என்றுதான் தோன்றும்.

நான் முதன்முதலில் பை-ஆம்பிங் செய்தபோது அதுதான் நடந்தது. கையிலிருந்த சிறிய ஆம்ப்ளிஃபையரை ட்வீட்டருக்கும், புதிதாக வாங்கிய பெரியதை ஊஃபருக்கும் கொடுத்தேன். டிரம்ஸின் சிம்பல் தட்டுகள் பளிச்சென்று கேட்டன. பாடகர் மூச்சு இழுப்பதுகூடத் துல்லியமாகக் கேட்டது. இரண்டு வாரம் மிகுந்த மகிழ்ச்சியோடு கேட்டேன். அதன்பின் ஒன்றைக் கவனித்தேன்: அரை மணி நேரம் கேட்டதும் என் கை தானாகவே ஒலியைக் குறைக்கப் போய்விடுகிறது. மல்டிமீட்டரை எடுத்து அளந்தேன். ஒரே சிக்னலுக்கு ஊஃபர் பக்கம் 1.52 வோல்ட், ட்வீட்டர் பக்கம் 2.00 வோல்ட். கணக்கிட்டால் 2.4 டெசிபெல் வித்தியாசம். அதைச் சமன்செய்ததும், பை-ஆம்பிங் தந்ததாக நான் நம்பியிருந்த தெளிவில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. அரை மணி நேரத்தில் வந்த அயர்ச்சியும் அதோடு போய்விட்டது. நான் அதுவரை ரசித்தது வெறும் ட்ரெபிள் மிகுதியைத்தான்.

வாட் வேறு, கெயின் வேறு

புதியவர்கள் மிக அதிகமாகக் குழம்புவது இங்கேதான். 200 வாட் ஆம்ப்ளிஃபையர், 50 வாட் ஆம்ப்ளிஃபையரைவிடச் சத்தமாக ஒலிக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் ஒரே அளவு சிக்னலைக் கொடுத்தால் எது சத்தமாக ஒலிக்கும் என்பதை வாட் தீர்மானிப்பதில்லை. கெயின் என்ற பெருக்க மடங்குதான் தீர்மானிக்கிறது. வாட் என்பது தொட்டியின் கொள்ளளவைப் போன்றது; கெயின் என்பது குழாயை எவ்வளவு திறந்து வைத்திருக்கிறோம் என்பது. பெரிய தொட்டியிலிருந்து மெல்லிய தாரையாகவும் தண்ணீர் வரலாம், சிறிய தொட்டியிலிருந்து வேகமாகவும் வரலாம்.

வீட்டு ஆம்ப்ளிஃபையர்களில் 26 டெசிபெல் கெயின் பரவலாகக் காணப்படும் அளவு. வரும் வோல்ட்டை அது சுமார் 20 மடங்கு பெருக்கும். டிஎச்எக்ஸ் என்ற திரையரங்க ஒலித் தரத்தைப் பின்பற்றுபவை 29 டெசிபெல், அதாவது சுமார் 28 மடங்கு. சிலவற்றில் 32 டெசிபெல் வரை இருக்கும்; அது 40 மடங்கு. இப்போது 26 டெசிபெல் ஆம்ப்ளிஃபையரை ஊஃபருக்கும் 29 டெசிபெல் ஆம்ப்ளிஃபையரை ட்வீட்டருக்கும் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் 0.1 வோல்ட் சிக்னல் போகிறது. ஒன்று 2 வோல்ட் தரும், மற்றது ஏறத்தாழ 2.8 வோல்ட் தரும். 8 ஓம் கணக்கில் பார்த்தால் முதலாவது அரை வாட், இரண்டாவது ஒரு வாட். ட்வீட்டருக்கு எப்போதும் இரண்டு மடங்கு சக்தி போய்க்கொண்டிருக்கும். இரண்டு ஆம்ப்ளிஃபையர்களிலும் '100 வாட்' என்று எழுதியிருந்தாலும் இதில் மாற்றமில்லை.

கையேட்டின் கடைசிப் பக்கங்களில் கெயின் எவ்வளவு என்று நேரடியாகப் போட்டிருந்தால் நல்லது. சிலவற்றில் அதற்குப் பதிலாக, முழுச் சக்தியை எட்ட எத்தனை வோல்ட் உள்ளே வர வேண்டும் என்று மட்டும் இருக்கும். அதிலிருந்தும் கெயினைக் கண்டுபிடிக்கலாம். '8 ஓமில் 80 வாட், அதற்கு 1 வோல்ட்' என்று இருக்கிறது என்போம். 80-ஐ 8-ஆல் பெருக்கினால் 640. அதன் வர்க்கமூலம் 25.3. அதாவது வெளியே 25.3 வோல்ட் வருகிறது. உள்ளே 1 வோல்ட் என்பதால் பெருக்கம் 25.3 மடங்கு, சுமார் 28 டெசிபெல்.

வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் ஸ்பீக்கருக்குள் இருக்கிறது. பொதுவாக ட்வீட்டர் ஊஃபரைவிடக் கூர்மையானது. அதே வோல்ட்டுக்குக் கூடுதல் ஒலி தரும். அதைக் கட்டுப்படுத்த, வடிவமைப்பாளர் கிராஸ்ஓவரில் ரெசிஸ்டர்களை வைத்து ட்வீட்டரைத் தேவையான அளவு தணித்திருப்பார். நான்கு முனைகளுக்கும் ஒரே ஆம்ப்ளிஃபையர், ஒரே வோல்ட் என்ற நம்பிக்கையில் செய்த கணக்கு அது. பின்புறத் தகடுகள் இருந்தவரை அந்த நம்பிக்கை பொய்க்க வழியில்லை. தகடுகளைக் கழற்றியதும் அதைக் காப்பாற்றும் பொறுப்பு நம்முடையதாகிவிடுகிறது.

அளக்கும் முறை

வேண்டியது சாதாரண மல்டிமீட்டர் ஒன்று, 60 ஹெர்ட்ஸ் சைன் அலை, அதாவது ஒரே சுருதியில் நீளும் ஒலி, பதிந்த ஒரு கோப்பு. ஏன் 60 ஹெர்ட்ஸ்? விலை குறைந்த மல்டிமீட்டர்கள் வீட்டு மின்சாரத்தின் 50, 60 ஹெர்ட்ஸை அளப்பதற்காகவே செய்யப்படுகின்றன. அதிர்வெண் சில நூறு ஹெர்ட்ஸைத் தாண்டினால் பலவற்றின் அளவு தவறத் தொடங்கும்.

'ட்வீட்டர் பக்க ஆம்ப்ளிஃபையரில் 60 ஹெர்ட்ஸ் எப்படி வரும்?' என்று கேட்கத் தோன்றும். வரும். இந்த வகைப் பை-ஆம்பிங்கில் இரண்டு ஆம்ப்ளிஃபையர்களுக்கும் முழுச் சிக்னலும் போகிறது. இரண்டுமே எல்லா அதிர்வெண்களையும் வோல்ட்டாக வெளியிடுகின்றன. ட்வீட்டருக்கு முன்னால் இருக்கும் கிராஸ்ஓவர்தான் 60 ஹெர்ட்ஸைத் தடுத்து நிறுத்துகிறது. அதனால் ட்வீட்டர் அமைதியாக இருக்கும், ஆனால் அதன் முனையில் வோல்ட் இருக்கும். நாம் அளக்கப் போவது அந்த வோல்ட்டைத்தான்.

முதலில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து, தகடுகள் நான்கும், அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு இரண்டு வீதம், கழன்றிருக்கின்றனவா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மறந்துபோய் இருந்துவிட்டால் ஓர் ஆம்ப்ளிஃபையரின் வெளியீடு மற்றதன் வெளியீட்டோடு நேரடியாக மோதும், ஆம்ப்ளிஃபையர் எரிந்துபோகக்கூடும். கண்ணால் பார்த்தது போதும் என்று விடாதீர்கள். வயர்களின் நிழலில் ஒரு தகடு எளிதாக மறைந்துவிடும்.

ஒலியளவை அடிமட்டத்தில் வைத்து ஆன் செய்யுங்கள். சைன் அலையை ஓடவிட்டு மெல்ல ஏற்றுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இடது ஸ்பீக்கரின் கீழ்ச் சிவப்பிலும் கறுப்பிலும் முனைகளை வையுங்கள். 2 வோல்ட் அருகே வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். ஊஃபரிலிருந்து சீரான ரீங்காரம் கேட்கும். மீட்டரின் கடைசி இலக்கம் ஒன்றிரண்டு முறை தடுமாறிவிட்டு நிலைக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி ஒலியளவைத் தொடாமல், அதே ஸ்பீக்கரின் மேல் ஜோடியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வலது ஸ்பீக்கர். மொத்தம் நான்கு எண்கள்.

மீட்டரின் இரண்டு ஊசிகளும் ஒன்றையொன்று தொட்டுவிடாமலும், ஓர் ஊசி சிவப்பையும் கறுப்பையும் சேர்த்துத் தொட்டுவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கை நடுங்கும் என்று நினைப்பவர்கள் ஸ்பீக்கர் முனைக்குள் செருகும் பனானா பிளக் உள்ள மீட்டர் வயரை வாங்கிச் செருகிவிட்டு நிம்மதியாகப் படிக்கலாம். வால்வு ஆம்ப்ளிஃபையராக இருந்தால் ஸ்பீக்கர் இணைந்திருக்கும் நிலையிலேயே அளக்க வேண்டும். சுமை இல்லாமல் அதை ஓட்டக் கூடாது. இரண்டு ஆம்ப்ளிஃபையர்களின் கறுப்பு முனைகளை எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றோடொன்று இணைக்காதீர்கள். இரண்டு சுற்றுகள் சேர்ந்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டும் பிரிட்ஜ் முறை ஆம்ப்ளிஃபையர்களில் கறுப்பு முனையிலும் சிக்னல் இருக்கும்.

எண்களை எப்படிப் படிப்பது? பெரிய வோல்ட்டைச் சிறியதால் வகுத்து, அதன் லாகரிதத்தை 20-ஆல் பெருக்கினால் டெசிபெல் கிடைக்கும். கணக்குப் போட விருப்பமில்லாதவர்கள் இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: 12 சதவீத வித்தியாசம் என்றால் 1 டெசிபெல், 26 சதவீதம் என்றால் 2, 41 சதவீதம் என்றால் 3. ஒரு சதவீதம் என்பது 0.1 டெசிபெல்லுக்கும் சற்றுக் குறைவு. நான் ஒரு சதவீதத்துக்குள் கொண்டுவரப் பார்ப்பேன். ஊஃபர் பக்கம் 2.00 வோல்ட் என்றால் ட்வீட்டர் பக்கம் 1.98-க்கும் 2.02-க்கும் இடையில் இருக்க வேண்டும். இது வீண் கண்டிப்பு இல்லை. குறுகிய ஓர் அதிர்வெண்ணில் மட்டும் அரை டெசிபெல் கூடினால் காது மன்னித்துவிடலாம். இங்கே 2000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள அத்தனையும் ஒன்றாகத் தூக்கப்படுகிறது. அவ்வளவு அகலமான மாற்றம் சிறியதாக இருந்தாலும் ஒலியின் குணத்தில் தெரிந்துவிடும்.

எதைக் குறைப்பது, எங்கே குறைப்பது?

கூடுதலாக ஒலிப்பதைத்தான் குறைக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையரில் கெயின் குமிழ் இருந்தால் வேலை எளிது: மீட்டரைப் பார்த்துக்கொண்டே மயிரிழையாகத் திருப்பி, எண்கள் ஒத்ததும் விட்டுவிடலாம். குமிழைக் குறைத்தால் ஆம்ப்ளிஃபையரின் வாட் குறைந்துவிடும் என்ற அச்சம் வேண்டாம். பொதுவாக அந்தக் குமிழ் உள்ளே வரும் சிக்னலைத்தான் தணிக்கிறது. உச்சச் சக்தி அப்படியேதான் இருக்கும். அதை எட்ட இன்னும் கொஞ்சம் கூடுதல் சிக்னல் வேண்டும், அவ்வளவுதான். ஒரே குமிழ் இடது, வலது இரண்டையும் கட்டுப்படுத்துவதாக இருந்தால் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். குமிழ் மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவில் தணிவதில்லை.

குமிழ் இல்லாவிட்டால், சிக்னலைக் கொண்டுவரும் ஆர்சிஏ வயருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் இடையில் செருகி, சிக்னலைத் தணிக்கும் அட்டெனுவேட்டர்கள் கிடைக்கின்றன. 3, 6, 10 டெசிபெல் என்று நிலையான அளவுகளில் வருபவை அவை. வித்தியாசம் அந்த அளவுகளோடு ஒத்துவந்தால் பயன்படும். இரண்டு வெளியீடுகளில் ஒன்றைத் தனியாக ஏற்றி இறக்கும் வசதி சில ப்ரீஆம்ப்ளிஃபையர்களில், அதாவது ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் நின்று ஒலியளவைக் கட்டுப்படுத்தும் கருவிகளில், உண்டு. அது இன்னும் நல்ல வழி.

ப்ரீஆம்ப்ளிஃபையரையும் உள்ளடக்கிய, சொந்தமாக வால்யூம் குமிழ் உள்ள இரண்டு இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிஃபையர்களை ஆளுக்கொரு பக்கம் மாட்டி, இரண்டு குமிழ்களையும் கையால் சேர்த்துத் திருப்பும் ஏற்பாட்டை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு முறை ஒலியைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் பேஸுக்கும் ட்ரெபிளுக்கும் இடையிலான சமநிலை மாறிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு வால்யூம் குமிழ் இரண்டு ஆம்ப்ளிஃபையர்களையும் ஆள வேண்டும். இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிஃபையரில் ப்ரீ-அவுட் என்ற சிக்னல் வெளியீடு இருந்தால், அங்கிருந்து சிக்னலை எடுத்து, வால்யூம் குமிழ் இல்லாத இன்னொரு பவர் ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கலாம். வால்யூம் குமிழின் வழியாக வரும் சிக்னல் என்பதால் இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். கெயின் வித்தியாசத்தை மட்டும் ஒருமுறை சரிசெய்தால் போதும்.

இந்தத் தொல்லைகள் எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு நேர்வழி, ஒரே மாடலில் இரண்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர்கள். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஓர் ஆம்ப்ளிஃபையர். அதன் ஒரு சேனல் ஊஃபருக்கு, மற்றது ட்வீட்டருக்கு. உள்ளே ஒரே சுற்று என்பதால் கெயின் தானாகவே ஒத்துப்போகும். ஹோம் தியேட்டருக்கான ஏவி ரிசீவரின் மெனுவில் பயன்படாத பின்புறச் சேனல்களைப் பை-ஆம்புக்கு ஒதுக்கும்போதும் வழக்கமாக இதே நிலைதான். அதே மெனுவில் இருக்கும் 'சேனல் லெவல்' ஒரு ஸ்பீக்கரை மற்ற ஸ்பீக்கர்களோடு சமன்செய்வதற்கானது. ஒரு ஸ்பீக்கருக்குள் ட்வீட்டரையும் ஊஃபரையும் சமன்செய்ய அது உதவாது.

மைக்கை ஏன் பிறகு எடுக்க வேண்டும்?

'கேட்கும் இடத்தில் ஒலிமானியை வைத்து பேஸையும் ட்ரெபிளையும் அளந்துவிட்டால் என்ன?' என்பது நியாயமான கேள்வி. அறை அதற்கு இடம்கொடுக்காது. சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி, தாழ்ந்த அதிர்வெண்களில் ஓரிடத்தில் பல டெசிபெல் மேடும் இன்னோரிடத்தில் பள்ளமும் உண்டாக்கும். நாற்காலியை ஒரு முழம் நகர்த்தினால் எண் மாறிவிடும். அந்த எண்ணை நம்பி ஊஃபரின் கெயினைத் திருப்பினால், அறையின் குறையை ஆம்ப்ளிஃபையரின் தலையில் கட்டுகிறோம். வோல்ட்டுக்கு அறை தெரியாது. அதனால்தான் முதலில் வோல்ட்.

வோல்ட் ஒத்த பிறகு, இடது வலது ஸ்பீக்கர்களை ஒப்பிட மைக்கைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். எல்லா அதிர்வெண்களும் கலந்த பிங்க் நாய்ஸ் என்ற இரைச்சலை ஒவ்வொரு ஸ்பீக்கராக ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் தலை இருக்கும் உயரத்தில் அளந்தால் போதும். இரண்டு எண்களை ஒப்பிடுவதுதான் நோக்கம் என்பதால் செல்போன் செயலிகூட இதற்குப் பயன்படும்.

இன்னொன்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். சில ஆம்ப்ளிஃபையர்கள் சிக்னலைத் தலைகீழாக்கி வெளியிடும். கையேட்டில் அதைக் குறிப்பிட்டிருப்பார்கள். இரண்டில் ஒன்று மட்டும் அப்படி இருந்தால், ஊஃபரும் ட்வீட்டரும் சேரும் இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வோல்ட் அச்சாக ஒத்திருந்தும் குரல் உள்ளே வெறுமையாக இருப்பது போலக் கேட்கும். அந்த ஆம்ப்ளிஃபையரிலிருந்து வரும் சிவப்பு, கறுப்பு வயர்களை இரண்டு ஸ்பீக்கர்களிலும் இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கிராஸ்ஓவரை அப்படியே விட்டுவைக்கும் முறைக்குப் பொருந்தும். அதை நீக்கிவிட்டு, ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் மின்னணுக் கிராஸ்ஓவர் வைப்பது வேறு கலை. ஒலிப் பொறியாளர் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் 1976-இல் வெளியிட்ட ஆய்வின் வழியில் வந்த லிங்க்விட்ஸ்-ரைலி கிராஸ்ஓவர் இன்றும் அங்கே பெருவழக்கு. அந்த முறையில் வடிவமைப்பாளர் வைத்த ரெசிஸ்டர்களும் போய்விடுவதால் ஒரே வோல்ட் என்ற விதி செல்லாது. மைக்கால் அளந்துதான் ட்வீட்டரின் அளவை வைக்க வேண்டும். ட்வீட்டருக்கு முன்னால் காவலுக்கு ஒரு கெப்பாசிட்டர்கூட இல்லாவிட்டால், ஆன் செய்யும்போது வரும் 'தட்' என்ற அதிர்வே அதைக் கொன்றுவிடலாம். தொடக்கத்திலேயே இதில் இறங்க வேண்டாம்.

சமன்செய்து முடித்த பின், பழைய முறையையும் புதிய முறையையும் ஒப்பிட்டுக் கேட்க ஆசை வரும். அப்போதும் மீட்டரைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். ஒலியளவு மாறும்போது பேஸையும் ட்ரெபிளையும் நம் காது வேறு விகிதத்தில் உணர்கிறது என்பதை 1933-இலேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் அளந்து காட்டிவிட்டார்கள். சற்றுக் கூடுதலாக ஒலிப்பது சற்றுச் சிறந்ததாகவே தோன்றும். ஆகவே தகடுகளைத் திரும்ப மாட்டி, இரண்டாவது ஆம்ப்ளிஃபையரின் வயர்களை முழுமையாகக் கழற்றிவிட்டு ஒற்றை ஆம்ப்ளிஃபையரில் கேட்கும்போதும், அதே 60 ஹெர்ட்ஸுக்கு அதே 2.00 வோல்ட் வருமாறு வைத்துக்கொண்டு கேளுங்கள். வித்தியாசம் மிகச் சிறியதாகவே பலருக்கும் இருக்கும். சிலருக்கு இருக்கவே இருக்காது. உரத்த ஒலியில் ஊஃபர் பக்க ஆம்ப்ளிஃபையர் திணறும்போது, அந்தச் சிதைவு ட்வீட்டருக்குப் போகாமல் தடுக்கப்படுவது உண்மையான ஆதாயம். மெல்லிய ஒலியில் கேட்பவருக்கு அதுவும் தேவைப்படாது.

வித்தியாசம் பிடித்திருந்து வைத்துக்கொள்ள முடிவுசெய்தால், கெயின் குமிழ் நிற்கும் இடத்தில் ஒரு சிறு டேப்பை ஒட்டி, அன்று மீட்டர் காட்டிய நான்கு எண்களையும் அதன்மேல் எழுதிவையுங்கள். தூசி துடைக்கும் கை என்றாவது ஒருநாள் அந்தக் குமிழை நகர்த்தத்தான் போகிறது.